காசு வாங்கி அடுத்தவர் நாயை வீட்டில் வைத்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பாளைக்காரி: பாளையங்கோட்டையில் தனி வீடு. சொந்தமாக இரண்டு நாய்கள். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 300 ரூபாய். போன தீபாவளிக்கு மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டன. இப்போது எதிர்வீட்டுக்காரர், லைசென்ஸ் இல்லாமல் நாய்ப்பண்ணை நடத்துகிறேன் என்று கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் பார்த்துக்கொண்டால் அது பண்ணையா?

கொக்கிரகுளம் வாத்தியார்: அந்த எதிர்வீட்டுக்காரர் நான் இல்லை, ஆனால் அவர் பக்கம்தான். எங்கள் தெருவிலும் ஒரு வீடு இப்படி இருந்தது. காலை 4.45க்குப் பால்காரர் மணி அடித்தால் ஒன்று குரைக்கும், மற்ற ஐந்தும் சேர்ந்துகொள்ளும். முற்றத்தைக் கழுவிய தண்ணீர் எங்கள் வாசல் வாய்க்காலில் வந்து நிற்கும். வெயில் ஏறினால் ஜன்னல் திறக்க முடியாது. காசு வாங்கினால் அது தொழில். டீக்கடைக்கு லைசென்ஸ் கேட்கிறவர்கள் இதற்கும் கேட்கட்டுமே.

சிப்பிப்பாறை: அண்ணாச்சி, அப்படிப் பார்த்தால் வீட்டில் டியூஷன் எடுப்பதும் தொழில்தான். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள் முக்கியமாகக் குட்டி எடுத்து விற்கிறவர்களுக்கு. 2018ஆம் ஆண்டு விதிகள் செல்லப்பிராணி விற்கும் கடைக்கு. அக்கா குட்டியும் எடுக்கவில்லை, விற்கவும் இல்லை. பிறகு எந்த லைசென்ஸ்?

கொக்கிரகுளம் வாத்தியார்: டியூஷன் பிள்ளைகள் யாரையும் கடிப்பதில்லை தம்பி.

ராமையன்பட்டி: கடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவைப் பாருங்கள். விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதில் அலட்சியம் காட்டினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் சொந்தக்காரர் என்று இல்லை. தன் வசம் வைத்திருப்பவர் என்றுதான் இருக்கிறது. அந்த நாலு நாளும் அது நீங்கள்தான் அக்கா.

மத்திய விதிகள் பொருந்தாது என்று சிப்பிப்பாறை சொல்வது முழுக்கச் சரி இல்லை. 2017 விதிகளின் வரையறையில், அடுத்தவர் நாயைத் தங்கவைக்கும் இடம் நடத்துபவரையும் சேர்த்திருக்கிறார்கள்; அது உங்களுக்கும் பொருந்தலாம். உள்ளூரிலும் கேள்வி உண்டு. சொந்த நாய்க்கு உரிமம், அடுத்தவர் நாயைக் காசுக்கு வைக்க அனுமதி, இவை இரண்டும் வேறு வேறு. மாநகராட்சியின் பாளையங்கோட்டை மண்டல அலுவலகத்தில் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்று கவுன்டரில் வாயால் சொல்வது, மனு விசாரணைக்கு வந்தால் நிற்காது.

அப்புறம், ஊசி அட்டை இல்லாத நாயை உள்ளே விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு வருடா வருடம். நாய்க்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் வாசனைக்கெல்லாம் அது சாகாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.

மாடிவீடு: மின்வாரியத்தையும் மறக்க வேண்டாம். வீட்டு இணைப்பில் தொழில் என்று எழுதிவிட்டால் வணிகக் கட்டணம். 100 யூனிட் இலவசமும் போகும்.

பாளைக்காரி: அட்டை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், ‘எங்கள் நாய் வீட்டை விட்டே இறங்காது’ என்கிறார்கள். தீபாவளிக்கு வந்த ஒரு லேப்ரடார் இரண்டு நாள் தட்டைத் தொடவே இல்லை. கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டிக்கொண்டு படுத்தே கிடந்தது. மூன்றாம் நாள் அதன் வீட்டுக்காரருடைய பழைய லுங்கியைச் சொந்தக்காரப் பையனிடம் கொடுத்தனுப்பச் சொல்லி விரித்துப் போட்டேன். அதில் படுத்துக்கொண்டே, மஞ்சள் போட்டு வேகவைத்த கோழிக்கழுத்துச் சோற்றைத் தின்றது. நாய்ப்பண்ணையில் இப்படியா பார்ப்பார்கள்?

கொக்கிரகுளம் வாத்தியார்: நல்ல மனசு, மறுக்கவில்லை அம்மா. ஆனால் எதிர்வீட்டுக்காரருக்கு லுங்கி தெரியாது, குரைப்புதான் தெரியும். 2000ஆம் ஆண்டு ஒலி விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான். தொல்லை என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) போனால் விசாரித்து நிறுத்தச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

சிப்பிப்பாறை: 45 டெசிபல் என்றால் முதலில் கோயில் கொடை மைக்செட்டை இறக்க வேண்டும் அண்ணாச்சி.

கொக்கிரகுளம் வாத்தியார்: கொடை வருஷத்துக்கு மூன்று நாள். அதற்கும் போலீஸ் அனுமதி வாங்கித்தான் மைக் கட்டுகிறார்கள்.

சிப்பிப்பாறை: அக்காவும் வருஷம் முழுக்கவா வைக்கிறார்? தீபாவளி, பொங்கல், முழுப்பரீட்சை லீவு. அந்த நாலு நாள் நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் பரவாயில்லையா?

பாளைக்காரி: சரி, சண்டை வேண்டாம். மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறேன். பதில் வரும்வரை வெளிநாய் மூன்றுக்கு மேல் எடுக்கவில்லை; அட்டை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. கழுவுகிற தண்ணீரைத் தென்னை மூட்டுக்குத் திருப்பிவிடக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. குரைப்புக்கு மட்டும் வழி தெரியவில்லை. எங்கள் தெருப் பால்காரரும் 5 மணிக்கு முன்னால்தான் வருகிறார்.

கொக்கிரகுளம் வாத்தியார்: மூன்று என்றாலும் அனுமதி அனுமதிதான். எழுதிக் கொடுக்கும்போது நகலில் தேதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.