அரசியல்வாதி மேல் வழக்கு: நியாயமா, பழிவாங்கலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழுவில் வக்கீல்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். நேற்று டீக்கடையில் எனக்கும் மச்சானுக்கும் பேச்சு முற்றி, கிளாஸில் டீ ஆடை கட்டிப்போனது.

அரசியல்வாதி மேல் வழக்கு என்றாலே பழிவாங்கல்தான் என்கிறார் மச்சான். 2001 ஜூன் 30 விடிவதற்குள் கருணாநிதியைக் கைது செய்ததைச் சொல்கிறார். திருக்குவளைக்காரர் ஆயிற்றே, இங்கே யாரும் அதை மறக்கவில்லை.

நான் ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைச் சொன்னேன். 1996-இல் ஆட்சி மாறியதும் போட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கு மாற்றியது. 2014-இல் தண்டனை, 2015-இல் விடுதலை, 2017-இல் மறுபடி தண்டனை உறுதி. அதற்குள் அவரே இறந்துவிட்டார். அந்த விடுதலைத் தீர்ப்பில், அவர் தரப்பு வருமானக் கணக்கில் சேர்த்த கடன்களைத் தப்பாகக் கூட்டியதில் 10 கோடியே 67 லட்சம், 24 கோடியே 17 லட்சமாகிவிட்டது. எங்கள் ஊர் மளிகைக்கடை நோட்டில்கூட இப்படி நடக்காது! வழக்கைப் போட்டது யாராக இருந்தால் என்ன, கணக்கு கணக்குதானே?

“அப்போ முதல் தீர்ப்புக்கு 18 வருஷம் ஏன்?” என்றார் மச்சான். வாயடைத்துப் போனேன்.

குற்றப்பத்திரிகையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த அனுமதி உத்தரவுகளை நாம் படிக்க முடியுமா? தமிழில் கிடைத்தால் புண்ணியம். கட்சி ஃபார்வர்டு மட்டும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் கறிச்சோறு. அதற்குள் சொல்லுங்கள்.