இது எந்த டிக்-டிக்? படம் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் தேவை

கோண்டாவிலில இருந்து எழுதுறன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றி பனர் அடிக்கிறம், வியாழன் அச்சுக்குப் போகுது. மச்சாள் ஆவணியில கென்யாவின்ர சம்புரு தேசியக் காப்பகத்தில பின்னேரம் போனில எடுத்த படம்தான் நடுவில வருது. டிக்-டிக் (ஆப்பிரிக்காவில இருக்கிற குட்டி இரலை, மான் மாதிரி) எண்டது நிச்சயம். ஆனா அந்தப் பக்கம் கர்க், குந்தர் எண்டு ரெண்டு இனமும் இருக்கு. அங்கதான் நிக்கிறன்.

படத்தில சோடியா நிக்குது, முழங்கால் உயரம்கூட வராது. ஒண்டுக்கு மட்டும் குட்டிக் கொம்பு, அதுதான் கிடாய். கண்ணுக்குக் கீழ கறுப்பாச் சுரப்பி. அதை முள்ளுப் பத்தையின்ர குச்சி நுனியில தேய்ச்சு எல்லை போடுது. பக்கத்தில புழுக்கைக் குவியல், அதுவும் எல்லைக்குத்தான். மூக்கு நீண்டு தொங்குது (வெக்கையில ரத்தத்தைக் குளிர வைக்கிறதே அந்த மூக்குத்தான்). குந்தருக்கு மூக்கு கூட நீளமாம். ஆனா ரெண்டும் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நிக்குதுகள்.

கூகிள் லென்ஸ் முழுப் படத்துக்குக் கர்க் எண்டுது, வெட்டிப் போட்டா குந்தர் எண்டுது. மச்சாளின்ர வழிகாட்டி டிக்-டிக் எண்டதோட சரி. விலங்கியல் படிக்கிற தம்பி, "இலங்கையில இரலையே இல்லை, சருகுமான் எண்டால் கேளுங்கோ" எண்டு சிரிக்கிறான்.

மூக்கு பக்கவாட்டில வடிவாத் தெரியாத படத்தில, கர்க்கையும் குந்தரையும் வேற எதை வைச்சுப் பிரிக்கலாம்?