பல்க் கப்பலில் வேலை பார்த்த சேலத்துக்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

அம்மாபேட்டை மாலுமி:
கப்பல் வேலை என்றாலே எங்கள் தெருவில் “கண்டெய்னர் கப்பலா?” என்றுதான் கேட்பார்கள். நான் இருந்ததெல்லாம் பல்க் கேரியர். மூட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை. இரும்புத்தாதை அப்படியே சரக்கறையில் கொட்டுவார்கள். ஐந்து அறை, நான்கு கிரேன் உள்ள சூப்ராமேக்ஸ் என்ற நடுத்தர அளவுக் கப்பல் 50,000 டன்னுக்கு மேல் சுமக்கும். தாளில் ‘உலர் சரக்கு’ என்றிருக்கும். மழைக்காலத்தில் துறைமுக வெளியில் குவிந்துகிடந்த தாதுப்பொடி எங்கே உலர்ந்திருக்கும்? காவிரிக்கரை ஈரமணலை மிதித்துக்கொண்டே இருந்தால் நீர் மேலே வந்து கால் புதையுமே, எஞ்சின் அதிர்விலும் அலையிலும் அந்தப் பொடிக்கு நடப்பது அதுதான். குழம்பாகி ஒருபக்கம் ஒதுங்கினால் கப்பல் நிமிராது. 2009இல் மங்களூருக்கு அப்பால் ஏசியன் ஃபாரஸ்ட், பாரதீப்புக்கு அப்பால் பிளாக் ரோஸ் என்று இரண்டு கப்பல்கள் இரும்புத்தாதுப் பொடியோடு மூழ்கின.

அதனால்தான் கேன் டெஸ்ட். பாதி டப்பா தாதை எடுத்து, 20 செ.மீ. உயரத்திலிருந்து 25 முறை கெட்டியான தரையில் இடிக்க வேண்டும். மேலே ஈரம் மினுங்கினால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ஏற்றக் கூடாது. ஒருமுறை மினுங்கியது. சரக்குக்காரரின் ஆள், “ஈரம் அளவோடுதான் இருக்கிறது என்று சான்றிதழ் இருக்கிறதே சார்” என்றார். கேப்டன் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து இடிக்கச் சொன்னார். அப்புறம் சான்றிதழைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏற்காட்டுக்காரன்:
அண்ணா, பாக்சைட்டை விட்டுவிட்டீர்களே! எங்கள் மலையில் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறங்கிய அதே கல். மலேசியாவின் குவாந்தனில் அதை ஏற்றிக்கொண்டு போன பல்க் ஜூபிடர், 2015 ஜனவரி 2 அன்று வியட்நாம் அருகே மூழ்கியது. 19 பேரில் சமையற்காரர் மட்டும் பிழைத்தார். அதுவரை பாக்சைட், சர்வதேசக் கப்பல் சரக்கு விதிகளில் குழம்பும் ஆபத்தில்லாத ‘சி’ பிரிவில் இருந்த சரக்கு. ஈரம் மேலே பிரிந்து சேறாக அலைந்து கப்பலைச் சாய்க்கும் என்பது பிறகு நடந்த ஆய்வில்தான் தெளிவானது. பொடி மிகுந்த பாக்சைட் இப்போது குழம்பக்கூடிய சரக்குகளுக்கான ‘ஏ’ பிரிவு. குவாரியில் வேலை பார்த்த அப்பாவிடம் சொன்னேன். “அந்தக் கல்லா கப்பலைக் கவிழ்க்கும்?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மேட்டூர் போசன் (தள மாலுமிகளின் மேஸ்திரி):
ஈரமாவது கண்ணுக்குத் தெரியும். நிலக்கரி ஏற்றி மூடிய அறையில் ஆக்சிஜன் குறைவது தெரியாது. இரும்புத்தூள், மரக்கட்டை எல்லாம் அப்படித்தான். இறங்கும் ஏணியிலேயே ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்ற ஓடுகிறவர் இரண்டாவதாக விழுவார். ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே இறங்க மூடியைத் தொட்ட பையன்களை நான் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல. நிலக்கரி இறக்கிய அறையைக் கோதுமைக்குக் கழுவிய கதை பெரியது, அதைத் தனியாக எழுதுகிறேன்.