ஹூக்கல் முறை விளங்கிய யாராவது திருகோணமலையில் இருக்கிறீர்களா?

வணக்கம். உயர்தரம் வரை தமிழில் படித்தவன், இப்போது பௌதிக இரசாயனம் ஆங்கிலத்தில். ஹூக்கல் முறையில் (மூலக்கூறின் பை இலத்திரன்களின் சக்தியைக் கணிக்கும் எளிய வழி) பியூட்டாடையீனில், அதாவது நான்கு காபன் சங்கிலியில், மாட்டிக்கொண்டேன்.

4×4 தாயம் எழுதி, துணிகோவையைப் பூச்சியமாக்கினால் சக்திகள் அல்பா ± 1.618 பீட்டா, அல்பா ± 0.618 பீட்டா என்று வருகின்றன (அல்பா ஒரு காபனில் உள்ள இலத்திரனின் சக்தி, பீட்டா அடுத்தடுத்த காபன்களுக்கிடையிலான இடைத்தாக்கம்). பீட்டா மறைப் பெறுமானம், அதனால் அல்பா + 1.618 பீட்டாதான் மிகத் தாழ்ந்த சக்தி. இதுவரை சரி. அதன் ஐகன் காவியில், அதாவது நான்கு காபன்களுக்கும் வரிசையாக வரும் குணகங்களில், 0.372, 0.602, 0.602, 0.372. வர்க்கித்துக் கூட்டினால் 1. ஆனால் நடுக் காபன்களுக்கு மட்டும் ஏன் பெரிய எண்? மூன்று நாளாகக் கொப்பியைக் கிழித்ததுதான் மிச்சம்.

உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் தமிழில் விளக்கக்கூடிய அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள், நானே வருகிறேன். பிளேன்ரீயும் வாய்ப்பனும் என் செலவு.