டார்க் கன்வெர்ட்டரில் கூடுதல் முறுக்குவிசை எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை விளக்குவோர் பெரும்பாலும், எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் சுழலும் என்ற உவமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விசை கடத்தப்படுவது அதனால் விளங்குகிறது. ஆனால் கார் நகரத் தொடங்கும்போது, எஞ்சின் தருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு முறுக்குவிசை கியர்பெட்டிக்குக் கிடைப்பது எப்படி?

மறுமொழி 1:
அந்த உவமை, எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்த மட்டுமே செய்யும் ஃப்ளூயிட் கப்ளிங்குக்கே பொருந்தும். அதில் முறுக்குவிசை சிறிதும் கூடாது. கன்வெர்ட்டரில் நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் உண்டு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வெளிவிளிம்புக்குத் தள்ள, அது கியர்பெட்டியோடு இணைந்த டர்பைனின் இதழ்களில் மோதி வளைந்து, மையத்தருகே வெளியேறும்போது இம்பெல்லரின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். அப்படியே இம்பெல்லருக்குள் நுழைந்தால் அது எஞ்சினுக்குத் தடையாகிவிடும். அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் அந்த ஓட்டத்தைத் திருப்பி, இம்பெல்லருக்குத் துணையாக அனுப்புகிறது. அப்போது ஸ்டேட்டர் மீது விழும் எதிர்விசையைக் கியர்பெட்டியின் கூடு தாங்குகிறது; எஞ்சினின் முறுக்குவிசையோடு ஸ்டேட்டரின் முறுக்குவிசையும் சேர்ந்தே டர்பைனை வந்தடைகிறது. ஆற்றல் கூடுவதில்லை, ஏனெனில் டர்பைன் இம்பெல்லரைவிட மெதுவாகச் சுழலும்போது மட்டுமே இது நிகழும்.

மறுமொழி 2:
டர்பைனின் வேகம் இம்பெல்லரின் வேகத்தில் சுமார் 85 முதல் 90 சதவீதத்தை எட்டும்போது, எண்ணெய் ஸ்டேட்டர் இதழ்களின் பின்புறத்தில் மோதத் தொடங்கும். ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் ஒருவழி கிளட்ச் மீது அமர்ந்திருப்பதால் ஸ்டேட்டரும் அப்போது சுழன்று வழிவிடுகிறது. அதன் பிறகு இந்தக் கருவி வெறும் கப்ளிங்தான். அப்போதும் சிறிது வழுக்கல் மிஞ்சுவதால், இரு பக்கத்தையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் தேவைப்படுகிறது. 1949இல் வந்த பேக்கார்ட் அல்ட்ராமேட்டிக்கிலேயே அது இருந்தது என்றாலும், எரிபொருள் சிக்கனம் பெரிய கவலையான 1970களின் இறுதிக்குப் பிறகே பரவலாயிற்று. கருவியின் மூலமோ காரே அல்ல: ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனைக் கப்பலின் மெதுவான உந்துவிசிறியோடு இணைப்பதற்காக இதை உருவாக்கி, 1905இல் காப்புரிமை கோரினார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரையும் அழுத்தினால் என்ன ஆகும்?

மறுமொழி 1:
டர்பைன் நின்றுவிடும். முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும், ஆனால் சுழற்சி இல்லாததால் வெளியே செல்லும் திறன் சுழியம். எஞ்சின் உள்ளே செலுத்தும் திறன் முழுவதும் எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போகும். பணிமனைகளில் செய்யும் ஸ்டால் டெஸ்ட் இதே நிலைதான். அதைச் சில விநாடிகளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணமும் இந்தச் சூடே.