ஹோம் ஒஃபிஸை இரண்டாக உடைத்தால் என்ன?

தேம்ஸ்கரையான்:
வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கின வாக்குவாதம், அங்கே முடியவில்லை, இங்கே கொண்டு வருகிறேன். பிரிட்டனில் பொலிஸ், எம்.ஐ.5 உளவுத்துறை, விசா, கடவுச்சீட்டு, அகதி மனு, எல்லைக் காவல் எல்லாம் ஹோம் ஒஃபிஸ், அதாவது உள்துறை அமைச்சு, என்ற ஒரே கூரைக்குள். 1782இல் தொடங்கிய அமைச்சு. குடிவரவை அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்பது என் வாதம். பயங்கரவாதியைத் தேடுகிற வீட்டிலேயே வேலைக்கு வருகிறவரின் விண்ணப்பத்தையும் கொடுத்தால் எல்லாரையும் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்கள். வின்ட்ரஷ் விவகாரம் வேறு எப்படி நடந்தது? 1973க்கு முன்பே கரீபியன் பக்கமிருந்து சட்டப்படி வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், வரி கட்டி, பென்ஷன் வயதுக்கு வந்துவிட்ட சனத்திடம் "நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்கு வருஷா வருஷம் அத்தாட்சி காட்டு" என்று கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதைப் பதிந்த அட்டைகளை 2010இல் அழித்ததும் இதே அமைச்சுதான். 2018இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். அமைச்சு அப்படியே இருக்கிறது.

ஹரோ ராசன்:
தம்பி, உடைக்கிற வைத்தியத்தை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. 2006இல், தண்டனை முடிந்த 1,023 வெளிநாட்டுக் கைதிகளை, நாடு கடத்துவதா இல்லையா என்று யோசிக்காமலே வெளியே விட்டது தெரியவந்து உள்துறை அமைச்சர் சார்ள்ஸ் கிளார்க்கின் பதவி போனது. அடுத்து வந்த ஜோன் ரீட், குடிவரவுப் பிரிவு உருப்படாத நிலையில் இருக்கிறது என்று நாடாளுமன்றக் குழு முன்னாலேயே சொன்னார். 2007இல் சிறைச்சாலைகளை வெட்டி நீதி அமைச்சுக்குக் கொடுத்தார்கள். 2008இல் குடிவரவுக்கு எல்லை முகமை என்று ஒன்றைத் தனியாக வைத்தார்கள். ஐந்து வருஷம்தான். 2013இல் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே, அது மூடி மறைக்கிற இடமாகிவிட்டது, கணினியும் சரியில்லை என்று சொல்லிக் கலைத்து, திரும்பவும் அமைச்சுக்குள் இழுத்துக்கொண்டார். பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு மட்டும் இரண்டு தரம் வேலை.

விசாக்காரி:
நான் கோயம்புத்தூர், இப்போது ரீடிங்கில் ஐ.டி. வேலை. உங்கள் இரண்டு பேருக்கும் வராத கோபம் எனக்கு வருகிறது, ஏனென்றால் பணம் கட்டுகிறவள் நான். எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையனுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: அரசு மருத்துவத்துக்கென்று விசாவோடு வாங்குகிற சர்சார்ஜ் ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776, கணவன் மனைவி ஒரு குழந்தை ஐந்து வருடம் என்றால் 14,230 பவுண்டு, அதுவும் முன்கூட்டியே, விசா கட்டணம் தனி. பையன் கால்குலேட்டரை வாங்கி மறுபடி தட்டிப் பார்த்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கையில் இருந்த பி.ஆர்.பி. என்ற வசிப்பு அனுமதி அட்டையெல்லாம் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதி, இனி ஆன்லைனில் மட்டும் இருக்கிற இ-விசாதான் என்றார்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான கவுண்டரில் இருந்த பெண் "கார்டு எங்கே மேடம்?" என்கிறாள். போனில் எடுத்துக் காட்டினேன், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்றாள், லைவாகத் திறந்தேன், சூபர்வைசரைக் கூப்பிட்டாள், எனக்குப் பின்னால் முப்பது பேர் ட்ராலியோடு முறைக்கிறார்கள். அந்தப் பெண் ஹோம் ஆபீஸ் ஊழியர் இல்லை. விசாவைக் கேட்கிற என் வீட்டு ஓனரும், ஆபீஸ் ஹெச்.ஆரும்கூட ஹோம் ஆபீஸ் ஆட்கள் இல்லை. 2014, 2016 குடிவரவுச் சட்டங்கள் வந்தபிறகு இவர்கள் எல்லாருமே பாதி இமிக்ரேஷன் ஆபீசர்கள்தான். விசா இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதல் தடவையே கம்பெனிக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், பயப்படாமல் என்ன செய்வார்கள்? நீங்கள் லண்டனில் அமைச்சகத்தை இரண்டாக்கினாலும் கவுண்டரில் எனக்கு அதே கேள்விதானே?

பழைய கோப்பு:
பிள்ளை, கவுண்டரில் நிற்கிறவரை ஆபீசர் ஆக்கினது 2014இல் இல்லை. 1987. இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்களை வைத்துத்தான். அந்த வருஷம் பெப்ரவரியில் ஹீத்ரோவில் தமிழ்ப் பெடியளைத் திருப்பி விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது ஓடுபாதைப் பக்கத்தில் உடுப்பைக் கழற்றி எறிந்து மறுத்தார்கள், பேப்பர் எல்லாம் படம். உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: சரியான பத்திரம் இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமானக் கொம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு தண்டம். அதே வருஷம் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய படகுக் கப்பலில் அகதி கேட்டவர்களை அடைத்து வைத்தார்கள், எங்கட ஆட்கள் நிறையப் பேர். ஒக்டோபர் புயலில் கட்டிவைத்த கயிறு அறுந்து கப்பல் தரைதட்டிய பிறகுதான் அவர்களை இறக்கினார்கள். 2023இல் போர்ட்லண்டில் 'பிபி ஸ்டொக்ஹோம்' மிதவையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது டிவியில் புதுசு மாதிரிச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான்.

தேம்ஸ்கரையான்:
ஐயா சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். நாற்பது வருஷப் பழக்கம் அந்தச் சுவரிலேயே ஊறிக் கிடக்கிறது, ஆளை மாற்றினால் போகாது. கனடாவைப் பாருங்கோ, விசாவுக்கும் குடியுரிமைக்கும் ஓர் அமைச்சு, பொதுப் பாதுகாப்புக்கு வேறொன்று.

ஹரோ ராசன்:
கனடாவை நீ எடுத்தது நல்லதாய்ப் போச்சு. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் போய் இறங்கினார்களே, மாதக்கணக்கில் உள்ளே வைத்தது யார்? பொதுப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிற எல்லை முகமை. பிரித்து வைத்திருந்தும் கப்பலைக் கண்டதும் யார் கை ஓங்கியது என்று பார். இந்தப் பக்கம், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியர் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆட்களுக்கு இதே ஹோம் ஒஃபிஸ்தான் இருப்புரிமை கொடுத்தது, கட்டணம் இல்லாமல், போனிலேயே. மறுக்கக் காரணம் தேடாதே, கொடுக்கக் காரணம் தேடு என்று ஊழியருக்கு மேலிருந்து சொல்லியிருந்தார்கள். அதே கட்டடம், அதே ஆட்கள்.

விசாக்காரி:
அப்போ மேலே இருப்பவர் சொன்னால் நடக்கும். எங்களுக்கு மட்டும் ஏன் அண்ணா யாரும் சொல்வதில்லை?

ஹரோ ராசன்:
2022இல் மட்டும் சின்னப் படகுகளில் 45,700க்கு மேல் ஆட்கள் வந்தார்கள் தங்கச்சி. வோட்டுக் கேட்டு வருகிறவன் கதவைத் தட்டும்போது சனம் அதைத்தான் கேட்கிறது, உங்கள் சர்சார்ஜை இல்லை. நானும் அகதியாக வந்தவன்தான், ஆனாலும் இல்லை என்று சொல்ல ஓர் ஆபீஸ் வேண்டும் என்பதை மறைத்துப் பேச மாட்டேன்.

தேம்ஸ்கரையான்:
இல்லை என்று சொல்லட்டும் அண்ணை, நான் வேண்டாம் என்றேனா? சொல்கிறவனும் பிடித்து ஏற்றுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது வேறோர் இடத்தில். வெளியேற்றுவது ஹோம் ஒஃபிஸிலேயே கிடக்கட்டும்.

ஹரோ ராசன்:
அப்போ கோப்பு இரண்டு இடத்தில் தொலையும்.

பழைய கோப்பு:
தொலையட்டும் ராசன். வந்திறங்கின அட்டைகளின் பிரதி ஒன்று வேறொரு அமைச்சின் அலுமாரியில் கிடந்திருந்தால், அந்தக் கரீபியன் கிழவர்கள் பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.