கீழக்கரை சொந்தங்கள் குழு: ரியாஸின் பத்து மாத அட்வான்ஸ்

ரியாஸ்: அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் வீடு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். பெரம்பூர், இரண்டாம் மாடி, வாடகை 14,000. ஆனால் ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். 1,40,000 ரூபாய்! இது சட்டமா, பழக்கமா?

யாஸ்மின் ராத்தா: வ அலைக்கும் ஸலாம். பழக்கம்தான். ராயபுரத்தில் நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஜமால் மாமா: ரியாஸ், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருந்தது. நான் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்க அதை மதித்த ஒரு ஓனரையும் பார்த்ததில்லை.

ரியாஸ்: ஒரே மாதமா??

ஜமால் மாமா: அஸர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

மும்தாஜ் சாச்சி: ஜமால் காக்கா நீளம் என்று சொன்னால் நீளம்தான். எல்லாரும் டீ போட்டுக்கொள்ளுங்கள்.

செய்யது: யாருக்காவது நண்டு வேண்டுமா? ஏர்வாடியிலிருந்து ஒருவர் கொண்டு வந்திருக்கிறார்.

மும்தாஜ் சாச்சி: தடைக்காலத்தில் எங்கிருந்து நண்டு?

செய்யது: நாட்டுப்படகு சாச்சி. தடை விசைப்படகுக்குத்தான்.

ஜமால் மாமா: சரி, இப்போது கேள். இது யுத்தத்தில் தொடங்கிய கதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சென்னையில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கையில் வீடு வைத்திருந்தவன் கேட்டதுதான் வாடகை. அதனால் 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று நகரத்தையே காலி செய்யச் சொன்னார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்கு ஓடினார்கள். பயம் தெளிந்து திரும்பி வந்தால் மறுபடி அதே நெருக்கடி. யுத்தம் முடிந்த பிறகும் வீடு போதவில்லை. 1946இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1949இல் இன்னொரு சட்டம். 1960இல் இன்னொன்று, அது 2019 வரை ஓடியது. யுத்த காலத்துக்கு என்று போட்ட பந்தல் எழுபது எண்பது வருடம் பிரிக்கப்படாமலே நின்றது.

ரியாஸ்: வாடகை இவ்வளவுதான் என்று யார் முடிவு செய்வார்கள் மாமா?

ஜமால் மாமா: வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி. சென்னையில் அந்த வேலையை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதிகள் பார்த்தார்கள். முதலில் வைத்திருந்த அளவுகோல் என்ன தெரியுமா? 1940 ஏப்ரல் 5ஆம் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை நடந்ததோ, அது. அரிசி விலை எங்கேயோ போய்விட்டது, வாடகை மட்டும் 1940இல் நிற்கிறது.

மும்தாஜ் சாச்சி: பாவம் ஓனர்.

ஜமால் மாமா: இதையும் கேள் மும்தாஜ். அந்தப் பழைய சட்டப்படி வீடு காலியானால் ஏழு நாளைக்குள் அரசு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்கு வீடு தேவை என்றால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால்தான் நீ வேறு ஆளை வைக்கலாம். சின்ன வாடகை வீடுகளுக்கு மட்டும் விலக்கு.

மும்தாஜ் சாச்சி: என் வீட்டில் யார் இருப்பது என்று சர்க்கார் சொல்வதா!

யாஸ்மின் ராத்தா: சாச்சி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையை நீங்கள் செல்போன்காரருக்குக் கொடுத்திருக்கிறீர்களே, போன வருடம் வாடகையை எவ்வளவு ஏற்றினீர்கள்? அதையும் குழுவில் சொல்லுங்கள்.

மும்தாஜ் சாச்சி: 🙄

ஜமால் மாமா: காலி செய்யச் சொல்வதும் அப்போது லேசு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது ஒரு காரணமே ஆகாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்திருக்க வேண்டும், அல்லது உள்வாடகைக்கு விட்டிருக்க வேண்டும், கட்டடத்தைச் சேதப்படுத்தியிருக்க வேண்டும், இல்லை ஓனருக்கே குடியிருக்க வேறு இடம் இருக்கக் கூடாது, இல்லை கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டும். இப்படிச் சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபித்தால்தான் உண்டு. வேண்டுமென்றே பாக்கி என்பதில்தான் பாதி வழக்கு.

ஜமால் மாமா: மண்ணடியில் என் வாப்பாவின் குடைக்கடை கட்டடம் கைமாறியது. புது ஓனர் வாடகையை வாங்கவே மாட்டேன் என்றார். ஏன் சொல்?

ரியாஸ்: வாங்காமல் இருந்தால் அவருக்குத்தானே நஷ்டம்?

ஜமால் மாமா: அதுதான் இல்லை. ஆறு மாதம் வாங்காமல் இருந்துவிட்டு, "பாக்கி வைத்துவிட்டார், காலி செய்" என்று வழக்குப் போடலாம். அதற்குச் சட்டத்தில் 8வது பிரிவு ஒரு வழி வைத்திருந்தது. வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டட்டும் என்று கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பத்து நாளில் பதில் இல்லையா, கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர். அதையும் மறுத்தால் கோர்ட்டில் கட்ட அனுமதி கேட்டு மனு. வாப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார், "வாங்க மறுக்கப்பட்டது" என்று தபால்காரர் எழுதி அது திரும்பி வரும். அந்தத் துண்டுகளை எல்லாம் தேதி வரிசையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். சில்லறைக் கணக்குக்கூடத் தனியாக ஒரு சிட்டையில். எங்கள் வக்கீல் அந்தக் கம்பியைத்தான் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார். வழக்கு ஜெயித்தது.

யாஸ்மின் ராத்தா: மாஷா அல்லாஹ். எனக்கு இது தெரியவே தெரியாது.

ஜமால் மாமா: ஜெயித்தோம் சரி. ஆனால் அதன்பிறகு ஓனர் அந்தக் கட்டடத்தின் கூரையில் உடைந்த ஒரு ஓடுகூட மாற்றவில்லை. மழை பெய்தால் குடைக்கடைக்குள்ளேயே குடை பிடிக்க வேண்டும். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாடகையில் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி வராது.

இக்பால் காக்கா (துபாய்): நான் இங்கே வருவதற்கு முன் மும்பையில் முகமதலி ரோடு பக்கம் இருந்தேன். அங்கே இதைவிட மோசம். 1947 சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1இல் இருந்த அளவில் நிறுத்திவிட்டது. அதனால் பகடி என்ற நுழைவுப் பணம். உள்ளே நுழைய லட்சக்கணக்கில், மாத வாடகையோ டீக்காசு. கட்டடத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். 1997 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே இப்படி உறைய வைத்தது நியாயமில்லை என்றது. அப்புறம்தான் 1999இல் புதுச் சட்டம், வருடத்துக்கு 4% ஏற்றலாம் என்று. 2017 ஆகஸ்டில் பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் மௌத்தானார்கள். நான் இருந்த தெருவிலிருந்து நடக்கிற தூரம்.

யாஸ்மின் ராத்தா: இன்னா லில்லாஹி...

இக்பால் காக்கா (துபாய்): இங்கே துபாயில் வேறு கணக்கு. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, உன் வாடகை சந்தை வாடகையைவிட 10%க்குள் குறைவாக இருந்தால் ஏற்றவே கூடாது. இடைவெளி கூடக் கூட ஏற்றலாம், அதிகபட்சம் 20%. ஆனாலும் காசோலை கொடுக்கும்போது கை நடுங்கத்தான் செய்கிறது.

ரியாஸ்: அப்படியென்றால் சென்னையில் கடைசி வரை 1940 வாடகைதானா மாமா?

ஜமால் மாமா: இல்லை. 1973இல் திருத்தினார்கள். கட்டடத்தின் மதிப்பைப் பொதுப்பணித்துறை விலைப்படி போட்டு, தேய்மானம் கழித்து, மனையின் சந்தை விலையைச் சேர்த்து, குடியிருப்பு என்றால் அதில் 9%, கடை என்றால் 12% ஒரு வருட வாடகை. பத்து லட்சம் மதிப்புள்ள கடை என்றால் வருடத்துக்கு 1,20,000, மாதம் 10,000. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரிமுனையில் மனை விலை ஏற ஏற, ஓனர்கள் நியாய வாடகை மனுவையே ஆயுதமாக எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு இன்ஜினியர், இரண்டு பேரும் வேறு வேறு மதிப்பு. டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை.

மும்தாஜ் சாச்சி: எல்லாருக்கும் இது பொருந்துமா? பள்ளிவாசல் கடைகளுக்கும்?

ஜமால் மாமா: நல்ல கேள்வி. 1976இல் அரசாணை போட்டு, கோயில், சர்ச், வக்ஃப் என எல்லாப் பொது அறநிலையக் கட்டடங்களுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட் 1985இல் அதைச் சரி என்றது. இன்னொரு விலக்கு இருந்தது, மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று. 400 கொடுப்பவன் பணக்காரன் என்ற நினைப்பு. வாடகை எல்லாம் ஏறிய பிறகு அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? 1986இல் சுப்ரீம் கோர்ட் அதை அடித்துவிட்டது.

ரியாஸ்: சரி மாமா, இப்போது என் 1,40,000க்கு வாருங்கள் 😅

ஜமால் மாமா: வருகிறேன். பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் நியாய வாடகை என்பதே கிடையாது. நீங்கள் இருவரும் பேசி எழுதியதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். பதிவுக்கு முதலில் கொடுத்த கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள், அது வேறு கதை.

ஜமால் மாமா: முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் "மாறாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று ஒரு வாசகம். அந்த வாசலில்தான் உன் ஓனர் பத்து மாதத்தோடு நுழைகிறார்.

யாஸ்மின் ராத்தா: அப்படியென்றால் எதற்கு அந்தச் சட்டம்?

ஜமால் மாமா: பேரம் பேச. மூன்று மாதம் என்று சட்டத்தில் இருப்பதைச் சொல்லி ஐந்துக்கோ ஆறுக்கோ இறக்கலாம். பழைய சட்டம் குடியிருப்பவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, கட்டடம் இற்றுப்போனது, காசு பகடியாகவும் அட்வான்ஸாகவும் பின்வாசலில் போனது. புதுச் சட்டம் தாளில் இருப்பதை மட்டும் காப்பாற்றுகிறது. அதனால் தாளில் என்ன எழுதுகிறாய் என்பதைப் பார். அட்வான்ஸ் முழுத்தொகை, எதற்கெல்லாம் அதில் கழிக்கலாம், பெயின்ட் செலவு யாருடையது, எவ்வளவு நாளுக்கு முன் சொல்ல வேண்டும், எல்லாம். பணத்தை வங்கி மூலம் அனுப்பு, கையில் கொடுக்காதே. தண்ணீர், கரன்ட்டைத் துண்டிப்பதை மட்டும் பழைய சட்டமும் விடவில்லை, இதுவும் விடாது.

மும்தாஜ் சாச்சி: காக்கா, இது சென்னைக்கு மட்டும்தானே?

ஜமால் மாமா: இல்லை மும்தாஜ். கீழக்கரை நகராட்சி. உன் செல்போன் கடைக்கும் பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருக்கிறாயா?

மும்தாஜ் சாச்சி: தெரிந்த பையன், வாய் வார்த்தைதான்...

ஜமால் மாமா: நாளைக்கு ஆதார், வரி ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பையனையும் கூட்டி வா.

செய்யது: நண்டு தீர்ந்துவிட்டது. 🦀

ரியாஸ்: ஓனரிடம் பேசிவிட்டேன். மூன்று மாதச் சட்டத்தைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் ஆறு மாதத்துக்கு இறங்கினார். 84,000. ஆனால் பெயின்ட் விஷயத்தை எழுத மாட்டேன் என்கிறார். "அதெல்லாம் நம்பிக்கைதானே தம்பி" என்கிறார்.

யாஸ்மின் ராத்தா: எங்களிடமும் இதே வார்த்தை!

ஜமால் மாமா: ஆறு நல்ல எண். ஆனால் பெயின்ட்டை எழுதச் சொல். எழுத மாட்டார் என்றால் பெரம்பூரில் வேறு வீடா இல்லை?

மும்தாஜ் சாச்சி: என்னைப் போல ஓனர் சென்னையில் கிடைக்க மாட்டார் ரியாஸ். நான் பெயின்ட்டுக்குக் காசு பிடித்ததே இல்லை.

யாஸ்மின் ராத்தா: அந்தக் கடைக்கு நீங்கள் பெயின்ட் அடித்ததே இல்லையே சாச்சி 😂